உம்முடைய நாமம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருப்பெயர்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: கடவுளுக்குச் சொந்தப் பெயர் உண்டா? எங்கள் வேதாகமத்தில் ‘கர்த்தர்’ என்று இருக்கிறது. கத்தோலிக்கத் தோழியின் திருவிவிலியத்தில் ‘ஆண்டவர்’ என்று இருக்கிறது. சிலர் ‘யெகோவா’ என்கிறார்கள், சிலர் ‘யாவே’ என்கிறார்கள். எது சரி?

பதில்: உண்டு. எபிரேய மூலத்தில் நான்கு மெய்யெழுத்துகளால் ஆன ஒரு பெயர் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யோத், ஹே, வாவ், ஹே என்பவை அந்த எழுத்துகள். எரிகிற முட்செடியின் முன் நின்ற மோசே, ‘அவருடைய நாமம் என்ன என்று ஜனங்கள் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்’ என்று வினவியபோது, ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்ற விடை வந்தது (யாத்திராகமம் 3:14). ‘இருத்தல்’ என்னும் வினையோடு அந்த வசனம் பெயரை இணைக்கிறது. இவ்விடத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு வசனங்களுக்கு முன்பு, எகிப்துக்குத் திரும்பிப்போக அஞ்சி நின்ற மோசேயிடம், ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்று கடவுள் சொல்லியிருக்கிறார். எபிரேயத்தில் அங்கே வரும் ‘இருப்பேன்’ என்ற சொல்லும், 14-ஆம் வசனத்தில் ‘இருக்கிறேன்’ என்று தமிழாகியிருக்கும் சொல்லும் ஒன்றே. ஆகவே அந்தப் பெயரைத் தத்துவ நூலுக்குரிய ஒரு சூத்திரமாக மட்டும் படித்தால் பாதிப் பொருளை இழந்துவிடுவோம். அஞ்சி நிற்பவனுக்குக் கொடுத்த வாக்குறுதியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பெயரை வீணிலே வழங்கக் கூடாது என்ற கட்டளையின் காரணமாக, யூதர்கள் காலப்போக்கில் அதை உச்சரிப்பதையே தவிர்த்தார்கள். எருசலேம் தேவாலயத்தில், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் அதை உச்சரித்தார் என்று மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. கி.பி. 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்டபின் அந்த வழக்கத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. வேதத்தை வாசிக்கும்போது அந்த நான்கெழுத்து வரும் இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’, என்று படிப்பது வழக்கமாயிற்று. இந்தப் பயபக்தியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களைப் பார்க்கலாம். அவற்றுள் சிலவற்றில், எழுத்தர் வரி முழுவதையும் தம் காலத்து எபிரேய எழுத்தில் எழுதிவந்து, திருப்பெயர் வரும்போது மட்டும், அன்றாட வழக்கிலிருந்து எப்போதோ மறைந்துவிட்ட பழங்கால எழுத்து வடிவத்துக்கு மாறி, அந்த நான்கு எழுத்துகளை எழுதிவிட்டு, மீண்டும் தம் வழக்கமான எழுத்துக்குத் திரும்பியிருக்கிறார். வாசிப்பவர் நாக்கு அந்த இடத்தில் தானாகவே நின்றுவிடும்.

பிற்காலத்தில், ஏறத்தாழ 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த மசோரேத்தியர் என்னும் யூத அறிஞர்கள் மெய்யெழுத்துகளுக்கு உயிர்க்குறிகள் இட்டார்கள். திருப்பெயர் வந்த இடங்களில், ‘அதோனாய்’ என்று வாசிக்க நினைவூட்டும்பொருட்டு அச்சொல்லின் உயிர்க்குறிகளை இட்டார்கள். இந்த வழக்கத்தை அறியாமல் இரண்டையும் சேர்த்து வாசித்ததால் பிறந்ததே ‘யெகோவா’ என்னும் வடிவம். ‘யாவே’ என்பது அறிஞர்கள் ஆய்ந்து மீட்டெடுத்த வடிவம். சமாரியர்கள் அப்பெயரை ‘யாபே’ என்று ஒலித்ததாக 5-ஆம் நூற்றாண்டில் தியோதொரேத் என்னும் ஆயர் எழுதியிருப்பது அதற்குரிய சான்றுகளில் ஒன்று. மூல ஒலிக்கு மிக அருகில் இருப்பது ‘யாவே’தான் என்பதை ஆய்வாளர்களுள் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

‘கர்த்தர்’, ‘ஆண்டவர்’ ஆகிய சொற்கள் அந்தப் பெயரின் மொழிபெயர்ப்புகள் அல்ல. அதற்குப் பதிலாக வாசிக்கப்பட்ட ‘அதோனாய்’ என்பதன் மொழிபெயர்ப்புகள். பழைய கிரேக்க வேதாகமம் வழியாக ‘கூரியோஸ்’ என்று புதிய ஏற்பாட்டுக்குள் நுழைந்த அதே சொல்தான் தமிழில் இவ்விரு வடிவங்களில் நிற்கிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 6:3-ஐத் திறந்து பாருங்கள்; அங்கே ‘யேகோவா என்னும் என் நாமத்தினால்’ என்றே அச்சிடப்பட்டிருக்கும். 2008-ஆம் ஆண்டு வத்திக்கான் அனுப்பிய ஒரு மடல், வழிபாட்டிலும் பாடல்களிலும் நான்கெழுத்துத் திருப்பெயரை ஒலிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த மௌனம் நம்முடைய கர்த்தரும் கடைப்பிடித்த மௌனம் என்பதால், ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘யாவே’ என்று எழுதும் நானும் ஜெபத்தில் ‘ஆண்டவரே’ என்றே சொல்கிறேன். பிறவாறு அழைப்பவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ‘இயேசு’ என்பது கிரேக்கரால் சிதைக்கப்பட்ட பெயர் என்றும், ‘யேசுவா’ என்ற எபிரேயப் பெயரைச் சொன்னால்தான் ஜெபம் கேட்கப்படும் என்றும் ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அன்றிலிருந்து ஜெபிக்கும்போதெல்லாம் மனம் தடுமாறுகிறது.

பதில்: அந்தத் தடுமாற்றத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மறுபாதி உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது.

உண்மை இது: நாசரேத்தில் அவரைத் தாயும் அண்டைவீட்டாரும் ‘யேசுவா’ என்றே அழைத்திருப்பார்கள். ‘யெஹோசுவா’ என்னும் நீண்ட பெயரின் குறுகிய வடிவம் அது. ‘கர்த்தரே இரட்சிப்பு’ என்பது பொருள். மோசேக்குப் பின் மக்களை நடத்திய யோசுவாவின் பெயரும் இதுவே. ‘அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக, ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்’ என்று தூதன் யோசேப்பிடம் சொன்னபோது, ‘ஏனெனில்’ என்ற சொல் பெயரின் பொருளைச் சுட்டியே நிற்கிறது.

ஆனால் ‘இயேசூஸ்’ என்ற கிரேக்க வடிவத்தைக் கிறிஸ்தவர்கள் புனையவில்லை. இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் யோசுவாவின் பெயரை இப்படித்தான் எழுதினார்கள். கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லாததால் அது ‘ஸ’ ஆயிற்று. ஆண்பெயருக்குரிய ‘ஸ்’ ஈற்றில் சேர்ந்தது. இதில் மறைசதி எதுவும் இல்லை. கிரேக்கக் கடவுளான சேயுஸின் பெயர் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்ற பேச்சுக்கு மொழியியலில் எந்த ஆதாரமும் இல்லை. எபிரெயர் 4:8-இல் யோசுவாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ‘இயேசூஸ்’ என்பதே.

அந்தக் காலத்தில் அது எல்லோரும் வைத்துக்கொண்ட பெயர் என்பதையும் மறக்கக் கூடாது. ‘யுஸ்து என்னப்பட்ட இயேசு’ என்று பவுல் தம் உடன் ஊழியர் ஒருவரைக் குறிப்பிடுகிறார் (கொலோசெயர் 4:11). மத்தேயு நற்செய்தியின் சில கையெழுத்துப் படிகளில் பரபாசின் பெயரும் ‘இயேசு பரபாஸ்’ என்றே இருக்கிறது. அப்படியானால் பிலாத்து கூட்டத்தைப் பார்த்து, ஒரே பெயருடைய இருவருள் யார் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஒலியில் மட்டும் மீட்பு இருந்திருந்தால் அந்தத் தெருவில் எத்தனை மீட்பர்கள் இருந்திருப்பார்கள்!

யூத மந்திரவாதிகள் சிலர், ‘பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில் உங்களுக்கு ஆணையிடுகிறோம்’ என்று பொல்லாத ஆவியை ஓட்ட முயன்று, ‘இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?’ என்ற பதிலைக் கேட்டு, ஆடையிழந்து காயப்பட்டு ஓடியதை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. அவர்கள் உச்சரிப்பில் பிழை எதுவும் இருக்கவில்லை. பெயருக்குரியவரோடு அவர்களுக்கு உறவு இருக்கவில்லை. அப்போஸ்தலர்கள் கிரேக்கத்தில் எழுதும்போது கூசாமல் ‘இயேசூஸ்’ என்று எழுதினார்கள். நீங்கள் ‘இயேசுவே’ என்றும், உங்கள் பாட்டி ‘ஏசுவே’ என்றும், பழைய கத்தோலிக்கர் ‘சேசுவே’ என்றும் அழைத்த குரல்கள் அனைத்தும் அவரையே போய்ச் சேர்ந்தன.

கேள்வி: ‘கிறிஸ்து’ என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?

பதில்: அல்ல, அது பட்டப்பெயர். ‘மேசியா’ என்ற எபிரேயச் சொல்லுக்கும் ‘கிறிஸ்து’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘எண்ணெய் பூசப்பட்டவர்’ என்பதே பொருள். தலையில் எண்ணெய் வார்த்து ஆரோனை ஆசாரியராகவும் தாவீதை அரசராகவும் ஏற்படுத்தினார்கள். எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணும்படி எலியாவுக்குக் கட்டளை வந்தது. யூதரல்லாத பாரசீக மன்னர் கோரேசையும் ஏசாயா 45:1 அபிஷேகம் பெற்றவர் என்றே அழைக்கிறது. நாடுகடத்தப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். திருவிவிலியத்தில் வரும் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்ற சொல்லாட்சி இதே பொருளை அழகாகத் தருகிறது. பவுல் சில இடங்களில் ‘இயேசு கிறிஸ்து’ என்றும் சில இடங்களில் ‘கிறிஸ்து இயேசு’ என்றும் முன்பின்னாக மாற்றி எழுதுவதைப் பார்த்தாலே அது பட்டம் என்பது புரிந்துவிடும். ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் முதன்முதலில் அந்தியோகியாவில் வழங்கிற்று (அப்போஸ்தலர் 11:26).

கேள்வி: இயேசு தம்மை ‘மனுஷகுமாரன்’ என்று சொல்லிக்கொண்டது தாம் வெறும் மனிதர் என்பதைத் தாழ்மையோடு காட்டவா?

பதில்: அப்படித்தான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எசேக்கியேல் நூலில் கடவுள் தீர்க்கதரிசியை 93 தடவை ‘மனுபுத்திரனே’ என்று விளிப்பது ‘மண்ணில் பிறந்தவனே’ என்ற பொருளில்தான். ஆனால் தானியேல் 7-ஆம் அதிகாரத்தில் வேறொரு காட்சி இருக்கிறது. கடலிலிருந்து மூர்க்க மிருகங்கள் ஏறிவந்து ஆட்சிபுரிந்தபின், மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் வானத்து மேகங்களுடன் வருகிறார். நீங்காத கர்த்தத்துவம் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. பிரதான ஆசாரியன், ‘நீ கிறிஸ்துவா?’ என்று கேட்டபோது இயேசு இந்தக் காட்சியையே சொன்னார் (மாற்கு 14:62). உடனே பிரதான ஆசாரியன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். வெறும் தாழ்மைச் சொல்லாக இருந்திருந்தால் அவன் ஏன் கிழித்துக்கொள்ள வேண்டும்?

இந்தப் பட்டம் நான்கு நற்செய்திகளிலும் ஏறத்தாழ 80 இடங்களில் வருகிறது. கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது. பேதுரு ‘நீர் கிறிஸ்து’ என்று அறிக்கையிட்ட கணமே, அதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டுவிட்டு, ‘மனுஷகுமாரன் பலபாடுகள் படவேண்டும்’ என்று அவர் போதிக்கத் தொடங்கினார். ‘கிறிஸ்து’ என்ற பட்டத்துக்குள் படையும் வாளும் அரியணையும் என்று மக்கள் தங்கள் கனவுகளை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். ‘மனுஷகுமாரன்’ என்ற பட்டத்தை அவர் தாமே நிரப்பினார்: தலைசாய்க்க இடமில்லாதவர், பாவங்களை மன்னிக்க அதிகாரமுள்ளவர், அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்தவர், மேகங்கள்மேல் வருபவர். திருவிவிலியத்தின் ‘மானிடமகன்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது என்றாலும், எந்தச் சொல்லானாலும் தானியேலைப் படிக்காமல் அதன் எடை தெரியாது.

கேள்வி: வேதாகமத்தில் வரும் ‘அப்பா, பிதாவே’ என்பதில் ‘அப்பா’ தமிழ்ச் சொல்லா?

பதில்: அது அரமேயச் சொல். தமிழும் அரமேயமும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. உதடுகளால் எளிதில் பிறக்கும் ஒலிகளைக் கொண்டே குழந்தைகள் பெற்றோரை அழைக்கத் தொடங்குவதால் இரு மொழிகளிலும் ஒரே ஒலி அமைந்துவிட்டது. புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் இது வருகிறது: கெத்செமனேயில் இயேசுவின் ஜெபத்தில் ஒருமுறை (மாற்கு 14:36), ரோமருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதியபோது ஒவ்வொரு முறை. மூன்று இடங்களிலும் அரமேயச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கிரேக்கத்தில் ‘பிதாவே’ என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். இயேசு ஜெபித்த ஒலி நினைவில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்திருக்க வேண்டும்.

‘அப்பா’ என்பது மழலைச் சொல் என்றும், அதனால் கடவுளைக் குழந்தையைப் போலக் கொஞ்சி அழைக்கலாம் என்றும் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மையல்ல. வளர்ந்த பிள்ளைகளும் அந்தச் சொல்லாலேயே தந்தையை அழைத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள மற்ற மொழிக்காரர்கள் விளக்கவுரை தேட வேண்டும். நமக்கோ வீட்டிலேயே விளங்கிவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை அழைப்பதும் ‘அப்பா’தான், அறுபது வயதில், நோயுற்ற தந்தையின் கட்டிலருகே நின்று மகன் அழைப்பதும் ‘அப்பா’தான். உரிமையும் மரியாதையும் அந்த ஒரே சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. கெத்செமனேயில் ‘இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்’ என்று கேட்டதும், ‘ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல’ என்று ஒப்புக்கொடுத்ததும் அந்த ஒரு விளிக்குக் கீழேதான்.

கேள்வி: ‘தேற்றரவாளன்’ என்றால் ஆறுதல் சொல்பவர் என்று மட்டுமா பொருள்?

பதில்: பரிசுத்த ஆவியைக் குறிக்க யோவான் பயன்படுத்திய ‘பராக்கிலேத்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘பக்கத்தில் அழைக்கப்பட்டவர்’ என்பது நேர்ப்பொருள், வழக்காடு மன்றத்தில் நமக்காக எழுந்து பேசுபவரையும் அது குறிக்கும். 1 யோவான் 2:1-இல் இதே சொல் இயேசுவைக் குறிக்கிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பரிந்து பேசுகிறவர்’ என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘வேறொரு தேற்றரவாளனை’ என்று இயேசு சொன்னதில் ‘வேறொரு’ என்ற சொல் ஏன் வந்தது என்பது தெளிவாகும். முதல் தேற்றரவாளர் அவரே. திருவிவிலியம் ‘துணையாளர்’ என்கிறது. ‘ஆவி’ என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: எபிரேயத்தில் ‘ரூவாஹ்’ என்பது காற்றையும் மூச்சையும் உயிரையும் ஒருங்கே குறிப்பதுபோல, நம் ‘ஆவி’யும் மூச்சையும் உயிரையும் குறிக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல் எல்லா மொழிகளுக்கும் வாய்க்கவில்லை.

கேள்வி: மரியாளைக் ‘கடவுளின் தாய்’ என்று அழைப்பது கடவுளுக்கு ஒரு தொடக்கத்தைக் கற்பிப்பதாகாதா?

பதில்: அந்தப் பட்டம் பிறந்ததே இயேசு யார் என்ற கேள்விக்கு விடையாகத்தான். 431-இல் கூடிய எபேசு திருச்சங்கம், மரியாள் பெற்றெடுத்தவர் மனிதராகப் பிறந்த கடவுளே என்பதால் ‘கடவுளைப் பெற்றவர்’ என்று அழைப்பது சரியே என்று அறிவித்தது. ‘கிறிஸ்துவைப் பெற்றவர்’ என்று சொல்வதே பாதுகாப்பானது என்று கான்ஸ்தாந்திநோபிளின் பேராயராயிருந்த நெஸ்தோரியஸ் வாதிட்டார். கடவுள்தன்மை மரியாளிடத்தில் தொடங்கிற்று என்று எவரும் சொல்லவில்லை. எலிசபெத்து ‘என் ஆண்டவருடைய தாயார்’ என்று முன்பே சொல்லியிருந்தார் (லூக்கா 1:43). 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுலும், ‘கிறிஸ்துவைப் பெற்றவர்’ என்ற வழக்கைக் காத்துவந்த கிழக்கு அசீரியத் திருச்சபையின் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கை, இரு வழக்குகளும் ஒரே விசுவாசத்தைச் சொல்கின்றன என்று ஏற்றுக்கொண்டது. பதினைந்து நூற்றாண்டுச் சண்டைக்குப் பின் அந்த வரிகளை வாசித்தபோது நான் கண்கலங்கினேன்.

கேள்வி: பலிபீடத் துணியில் ‘ஐ.எச்.எஸ்.’ என்ற மூன்று எழுத்துகள் எதற்கு?

பதில்: ‘இயேசூஸ்’ என்ற கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அவை, நடுவிலுள்ளது ‘ஏ’ ஒலியைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, உருவத்தில்தான் ‘எச்’ போல இருக்கும். ‘மனிதரின் மீட்பர் இயேசு’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் என்பது பிற்கால விளக்கம். பழைய கிரேக்கப் படிகளில் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய நான்கு சொற்களையும் சுருக்கி எழுதி, மேலே ஒரு கோடு இழுத்திருப்பார்கள். எழுத்தர் மையை மிச்சம்பிடிக்க அப்படிச் செய்யவில்லை. அந்தக் கோடு ஒரு வணக்கம்.

கேள்வி: இத்தனை பட்டங்களில் எதைச் சொல்லி ஜெபிப்பது முறை? ‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடிக்காவிட்டால் ஜெபம் நிறைவாகாதா?

பதில்: ‘என் நாமத்தினாலே கேட்பது’ என்பது அவர் சார்பாக, அவர் மனதுக்கு ஏற்றபடி கேட்பது. இறுதியில் அந்தத் தொடரைச் சொல்வது நல்ல வழக்கம். ஆனால் கர்த்தர் கற்பித்த ஜெபத்திலேயே அந்தத் தொடர் இல்லை.

விளிப்பைப் பொறுத்தவரை, நற்செய்திகளில் ஒவ்வொருவரும் தங்கள் தேவையிலிருந்தே அழைக்கிறார்கள். பார்வையற்ற பர்திமேயு ‘தாவீதின் குமாரனே’ என்று கத்துகிறான். சந்தேகப்பட்ட தோமா ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்கிறார். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள், தன் பெயரைச் சொல்லி அவர் அழைத்ததும் ‘ரபூனி’ என்கிறாள். ‘போதகரே’ என்பதுதான் பொருள், உயிர்த்தெழுந்தவருக்கு அது சின்னப் பட்டம், ஆனாலும் அவர் அதைத் திருத்தவில்லை. சிலுவையில் தொங்கிய குற்றவாளியின் வேண்டுதல் நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆண்டவரே’ என்று தொடங்கும். பழைமையான கிரேக்கப் படிகளிலும் அவற்றைப் பின்பற்றும் திருவிவிலியத்திலும் ‘இயேசுவே’ என்றே இருக்கிறது. அவன் பட்டம் எதையும் சொல்லவில்லை. தலைக்கு மேல் எழுதி மாட்டியிருந்த பலகையிலிருந்து அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டானோ என்னவோ. அடைமொழி ஒன்றும் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி, ‘என்னை நினைவிற்கொள்ளும்’ என்றான். ‘இன்றைக்கு’ என்று பதில் வந்தது.